தலைக்கணக்கும் பெயரேடும்

1871 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 27 ஆந் திகதி இலங்கைத் தீவினர் அனைவரும் ஒருசேர எண்ணப்பட்டனர். அதற்கு முன்னரும் கணக்குகள் எடுக்கப்பட்டதுண்டு. ஆயினும், தீவு முழுமைக்கும் ஒரு நாளைக் குறித்து நடத்தப்பட்ட முதலாவது குடிசன மதிப்பு அதுவேயாகும். எண்ணி முடித்தபோது கிடைத்த தொகை 2,400,380. அதற்கு ஆறு நாள் கழித்து, ஏப்பிரல் 2 ஆந் திகதி இரவு, பிரித்தானியாவிலும் மக்கள் எண்ணப்பட்டனர். அரசியார் ஒருவரே, ஆண்டு ஒன்றே, ஏறத்தாழ வாரமும் ஒன்றே. புத்தளக் கரையில் உப்பு வாரிய கூலியாளும், ஸ்கொட்லாந்தில் பிறர் நிலத்தை உழுத கூலியாளும் ஒரே பேரரசின் கணக்கில் அடுத்தடுத்து ஏறினர். ஆனால் ஏறிய விதம் ஒன்றன்று. அவ்வேற்றுமையைப் பற்றியே ஈண்டுச் சில கூற விழைகின்றோம்.

கிளாஸ்கோ நகரிற் குடியேறிவிட்ட எமது பழைய மாணவர் ஒருவர், நாம் கேட்டுக்கொண்டதன் பேரில், அந்நாட்டின் 1871 ஆம் ஆண்டு ஏட்டுப் பக்கமொன்றை நிழற்படமாக அனுப்பியிருந்தார். மையெழுத்து, சாய்ந்த கை, சில இடங்களில் மங்கல். அதில் ஓர் உழவுக் கூலியின் வீடு. முதலில் அவன் பெயர். கீழே மனைவியின் பெயர். பின்னர்ப் பிள்ளைகள் வயதுவாரியாக. குடும்பத் தலைவனுக்கு ஒவ்வொருவரும் என்ன முறை, மணமானவரா, வயதென்ன, தொழில் யாது, பிறந்தது எந்த ஊர், பாடசாலை செல்லும் பிள்ளைகள் எத்தனை பேர் என்றெல்லாம் கட்டங்கள். கடைசிக் கட்டம் எம்மை வியப்பில் ஆழ்த்தியது: வீட்டில் சாளரமுள்ள அறைகள் எத்தனை என்பது அக்கேள்வி. 1861 முதல் ஸ்கொட்லாந்தில் இக்கேள்வி கேட்கப்பட்டது. விடையைக் கூட்டிப் பார்த்தபோது, அந்நாட்டு வீடுகளில் ஏறத்தாழ மூன்றிலொன்று ஒற்றையறை வீடு என்பது வெளியாயிற்று. சாளரமே இல்லாத வீடுகளும் ஆயிரக்கணக்கில் இருந்தன. உலகின் பட்டறை என்று தன்னைச் சொல்லிக்கொண்ட நாட்டின் உழைப்பாளி, வெளிச்சம் வராத அறையில் உறங்கினான் என்பதற்கு அந்நாட்டு அரசாங்கமே சான்று எழுதி வைத்தது.

பிறந்த ஊர் என்னும் கட்டத்தைப் படிக்கப் பழகியவர்க்கு அதுவே ஒரு சரித்திரம். மூத்த பிள்ளை ஒரு கோவிற்பற்றில் பிறந்திருக்கும், அடுத்தது வேறொன்றில், மூன்றாவது இன்னொன்றில். இது யாத்திரைப் பிரியத்தால் நேர்ந்ததன்று. அங்கே மணமாகாத பண்ணையாள் ஆறு மாதத்துக்கும், மணமானவன் ஓராண்டுக்கும் ஒப்பந்தஞ் செய்யப்பட்டான். அதற்கென்றே ஆட்சந்தைகள் கூடின. தவணை முடிந்தால் வேலையும் போகும். வேலையோடு கிடைத்த குடிலும் போகும். தட்டுமுட்டுச் சாமான்களை வண்டியிலேற்றிக்கொண்டு அடுத்த பண்ணைக்கு நடக்க வேண்டியதுதான். தென்கிழக்குப் பகுதியில், வேலைக்கு வருபவன் வயல்வேலை செய்ய ஒரு பெண்ணையும் உடன் கொண்டுவர வேண்டுமென்ற நிபந்தனையும் இருந்தது. அப்பெண் பலவேளை மனைவியோ மகளோதான். எமக்கு வந்த பக்கத்தில் மனைவிக்கு நேரே தொழிற்கட்டம் வெறுமையாய்க் கிடக்கின்றது. அவள் வேலை செய்யவில்லை என்று நம்புவதற்கு நாம் ஆயத்தமாயில்லை.

இவ்வளவு எழுதியும் அம்மக்களுக்கு வாழ்வு வந்துவிட்டதோ என்றால், இல்லை. ஸ்கொட்லாந்தின் மலைப்பகுதிகளில் ஆட்டு மந்தைகளுக்கு இடங் கொடுப்பதற்காக ஊர் ஊராய்க் குடியானவர் விரட்டப்பட்டதை உலகம் அறியும். ஏட்டிற் பெயர் இருப்பது வயிற்றை நிரப்பாது. எனினும், 1883 இல் நேப்பியர் பிரபுவின் தலைமையில் ஓர் ஆணைக்குழு ஊர்தோறுஞ் சென்று குடியானவரைப் பெயர் சொல்லி அழைத்துச் சாட்சியங் கேட்டது. அவர்கள் பேசியது அச்சேறிற்று. 1886 இல் அவர்களது குடியிருப்புக்குப் பாதுகாப்பளிக்கும் சட்டமும் பிறந்தது. போராட்டமின்றி அது வந்ததன்று. ஆனால் போராடியவர் யார் என்பது பெயரோடு நிற்கின்றது. இன்று அங்கே 1841 முதல் 1921 வரையிலான குடிசன ஏடுகள் பொதுமக்களுக்குத் திறந்திருக்கின்றன. நூறாண்டு மூடிவைத்துப் பின்னர் திறப்பது அவர்கள் மரபு. உழவுக் கூலியின் கொள்ளுப்பேரன் ஒருவன் மாலைநேரத்தில் உட்கார்ந்து, தன் முன்னோனின் வீட்டில் எத்தனை சாளரம் இருந்ததென்று பார்த்துக்கொள்ளலாம்.

இனி எமது கரைக்கு வருவோம்.

1871 இன் கணக்கிலிருந்து புத்தளத்தைப் பற்றி எமது கைக்கு வருவன அட்டவணைகளே. இத்தனை ஆண், இத்தனை பெண், இத்தனை வீடு, இன்ன தொழிலினர் இத்தனை பேர். ஏதோ ஒரு விதானையாரோ அவரால் ஏவப்பட்டவரோ கற்பிட்டியின் ஓலைக் குடிசை வாயிலில் நின்று கேட்டிருப்பார்; உள்ளிருந்து ஒருவர் விடை சொல்லியிருப்பார்; எழுதப்பட்டிருக்கும். எழுதப்பட்டது கூட்டப்பட்டது. கூட்டிய பின்னர் மனிதர் மறைந்து தொகை எஞ்சிற்று.

இக்கரைக்குப் பெயர்ப்பட்டியல் எழுதத் தெரியாமற் போயிற்று என்று எவரும் எண்ண வேண்டா. 1807 இற் கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி இக்கரையின் மணியகாரராயிருந்து, பின்னர் சட்டநிரூபண சபையிலும் அமர்ந்தவர். இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் குடிகளையும் அகரவரிசையில் தொகுத்து 1834 இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1859 இல் தமிழ் புளூட்டாக் என்னும் நூலில் இருநூறு அளவான தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை எழுதி வைத்தார். பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்ற காலத்தில் அந்நூலை நாம் பலமுறை புரட்டியதுண்டு. புலவர் பெயர்கள் மறந்துபோகாமற் காத்த அப்பெரியாருக்கு எமது இலக்கிய உலகம் என்றுங் கடமைப்பட்டது. ஆனால் அவர் நாள்தோறும் கடந்து சென்றிருக்கக்கூடிய உப்புப் பாத்திகளில் நின்றவர்களின் பெயரை எழுத எவருமில்லை. இஃது அவர்மீது நாம் சுமத்துங் குற்றமன்று. எழுத்தறிந்தார்க்கு எவருடைய பெயர் பெயராகத் தோன்றிற்று என்பதே கேள்வி.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. களப்பு நீரை வாய்க்கால் வழியே உட்புகுத்தி, ஒரு பாத்தியிலிருந்து மறுபாத்திக்கு மாற்றி மாற்றி வெயிலிற் காய்ச்சி, கடைசிப் பாத்தியில் உப்புப் பூத்ததும் நீண்ட கைப்பிடியுள்ள பலகையால் வாரி, குவித்து, கிடுகால் மூடுவர். ஒல்லாந்தர் கற்பிட்டியிற் கோட்டை கட்டிக்கொண்டு, இக்கரை உப்பைக் கண்டி அரசனின் கழுத்துக்குச் சுருக்காகப் பயன்படுத்தினர். ஆங்கிலேயர் அதைத் தம் ஏகபோகமாக்கினர். கருவூலத்துக்கு வந்த உப்பு வருமானம் ஆண்டுவாரியாக ஏட்டில் உண்டு. வாரியவளின் கால் வெடிப்புக்கு ஏடில்லை. சில ஆண்டுகளுக்கு முன்னர், இளமையிற் பாலாவிப் பக்கத்து உப்பளத்தில் வேலை செய்த மூதாட்டியார் ஒருவரைக் காணச் சென்றோம். பாதங்களைக் காட்டினார், நாம் எதுவுங் கேட்கவில்லை. பின்னர், தாம் வேலை செய்த காலத்தில் வீட்டுக்கு வந்த எந்த அதிகாரியின் தாளிலும் தமது பெயருக்கு நேரே தொழில் என்று எதுவும் எழுதப்படவில்லை என்றார். “எங்கட மாப்புளைக்கு ‘கூலி’ எண்டு எழுதினாங்க மாஸ்டர். எனக்கு ஒண்டுமில்ல. நான் சும்மா இருந்தனாம்” என்று சொல்லிச் சிரித்தார். ஸ்கொட்லாந்துப் பக்கத்தின் அந்த வெற்றுக் கட்டம் எமது நினைவுக்கு வந்தது அப்பொழுதுதான்.

எங்கட்டங்களை அரசு வரைகின்றது என்பதைப் பார்த்தால், அதற்கு எது தேவைப்பட்டது என்பது விளங்கும். அங்கே சாளரம் கேட்டனர். இங்கே குடியேற்ற ஆட்சியினர்க்கு எல்லாவற்றினும் மேலாய்த் தேவைப்பட்டது இனம். 1871 இல் பற்பல வகையாய்ச் சிதறிக் கிடந்த இனப்பெயர்கள் 1881 இல் ஏழு பெரும் பிரிவுகளாய்ச் சுருக்கப்பட்டன. 1901 இல் சிங்களவர் கரைநாட்டார், கண்டியர் எனப் பிரிக்கப்பட்டனர். 1911 இல் தமிழர் இலங்கையர், இந்தியர் எனப் பிரிந்தனர். சோனகர்க்கும் அதே வெட்டு. 1901 ஆம் ஆண்டுக் கணக்கை நடத்தி அறிக்கை எழுதியவர் எமது பொன்னம்பலம் அருணாசலம். புலமை நிறைந்த அறிக்கை அது. அவரே 1919 இல் தொழிலாளர் நலனுக்கென ஒரு சங்கம் அமைத்ததை நோக்கும்போது, கூலியாளின் முகம் அவர்க்குப் பின்னாளில் தெளிவாய்த் தெரிந்திருக்க வேண்டும் என்று கொள்வதில் தவறில்லை.

இந்த இனக்கட்டம் எமது கரையில் செய்த வேடிக்கையை என்னென்பது! நீர்கொழும்பிலிருந்து வடக்கே கற்பிட்டி வரை கடற்றொழில் செய்யும் கத்தோலிக்கக் குடும்பங்கள் பலவற்றில் பாட்டன் தமிழிற் செபித்தான். பேரன் சிங்களத்திற் செபிக்கின்றான். பாடசாலை மொழி மாறிற்று. பூசை மொழி மாறிற்று. கட்டத்தில் எழுதப்படும் சொல்லும் மாறிற்று. வலையும் தோணியும் கடனும் மாறவில்லை. உடப்பு ஊரவர் தமிழராகவே நின்றனர். அங்கேயும் அதே வலை, அதே கடன். கடற்கரை வீடொன்றின் உண்மையான கதை இனக்கட்டத்தில் இல்லை. சம்மாட்டியின் கணக்குப் புத்தகத்திலேயே இருக்கின்றது. ஆனால் அரசுகள் மோதவிட்டது எதை வைத்து என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை.

சிரம்பியடியில் வாழும் காப்பிரி மக்களின் நிலை இதனினும் கொடிது. ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாய்க் கொண்டுவரப்பட்டோர். கோவாவின் அடிமைச் சந்தையில் ஆங்கிலத் தேசாதிபதிகள் விலைகொடுத்து வாங்கிப் படையிற் சேர்த்தோர். இவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்கூற்றில் படை கலைக்கப்பட்டபோது, புத்தளத்தில் நின்றவர் உப்பளக் கூலியாயினர். துவக்குப் பிடித்த வரைக்கும் படைப்பட்டியலில் ஒரு பெயர் இருந்தது. பலகை பிடித்ததும் பெயர் போய்விட்டது. போத்துக்கேயச் சொற்கள் கலந்த அவர்களது மாஞ்சாப் பாட்டு இன்றும் கேட்கின்றது. பாட்டின் பொருள் பாடும் இளையோர்க்கு முழுதும் விளங்குவதில்லை. ஒருகாலத்தில் தனி இனமாய் எண்ணப்பட்டவர்கள் இன்று ‘ஏனையோர்’ என்னும் கட்டத்துக்குள் அடங்கிவிட்டனர்.

பெயரை எழுதி வைக்காமற் போனதால் யாருக்கு என்ன நட்டம் என்று ஒரு நண்பர் எம்மைக் கேட்டார். நட்டம் 1948 இல் தெரிந்தது.

அவ்வாண்டின் பிரசாவுரிமைச் சட்டம், இலங்கையிற் பிறந்த ஒருவன் வம்சாவழிப் பிரசையாவதற்கு, அவனது தந்தை இலங்கையிற் பிறந்திருக்க வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்திருக்க வேண்டும் என்றது. சிலாபம், புத்தளம் பகுதித் தென்னந்தோட்டத்தில் வேலை செய்த இந்திய வம்சாவழித் தொழிலாளி ஒருவனை எடுத்துக்கொள்வோம். 1948 இல் அவனுக்கு வயது முப்பது. தலைமுறைக்கு இருபத்தைந்து ஆண்டென்று கணக்கிட்டால், தந்தை 1893 அளவில் பிறந்தவன். பாட்டன் 1868 அளவில். பூட்டன் 1843 அளவில். பிறப்பு இறப்புகளை அரசு தீவெங்கும் முறையாகப் பதிவதற்கான சட்டம் இந்நாட்டில் 1867 இல் வந்தது. அச்சட்டம் வந்த பின்னரும் குடிசையிற் பிறந்த பிள்ளைக்கு எத்தனை தகப்பன்மார் கச்சேரிக்கு நடந்தனர்? ஆகவே, அரசு எழுதி வைக்காத பெயரை அரசே திருப்பிக் கேட்டது. கொடுக்க முடியாதவனை நாடற்றவன் என்றது. பண்ணையாரிடமோ வியாபாரியிடமோ உறுதிப்பத்திரம் இருந்தது. பத்திரத்தில் பாட்டனின் பெயர் இருந்தது. உழைப்பைத் தவிர வேறெதையும் வைத்திராதவனுக்குப் பாட்டனும் இல்லாமற் போனான். ஸ்கொட்லாந்தின் உழவனிடம் எவரும் பூட்டனைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவனுடைய பேரர்க்கு ஏடு உதவியிருக்கும்.

இடையில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. 1931 இல் இருபத்தொரு வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை வந்தது. சொத்தும் படிப்பும் இல்லாத மீனவனின் பெயர், அவன் மனைவியின் பெயர், அரசாங்கம் அச்சிட்ட ஓர் இடாப்பில் முகவரியோடு ஏறிற்று. அதை எளிதாய் எண்ணுதல் கூடாது.

ஆயினும் பெயரேடு எப்பொழுதும் ஏழையின் தோழன் என்று நாம் கூறத் துணியோம். 1983 ஜூலையிற் கொழும்பு நகரில் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடிச் சென்ற கும்பல்களை எமது முன்னவர் கண்ணாற் கண்டனர். பெயரைக் கேட்டவன் யார், எதற்காகக் கேட்டான் என்பதை மறந்து பட்டியலைப் போற்றுதல் பேதைமை. குடிசன மதிப்பில் தனியாள் சொன்னதை வெளியிடலாகாது என்னும் சட்டக்காவல் இருப்பது நன்றே. 2024 டிசம்பரில் எமது வீட்டுக்கு எண்ணவந்த இளைஞர் கைக்கணினியில் விடைகளைத் தட்டிக்கொண்டே அதை எமக்கு விளக்கினார். நூறாண்டு கழித்து அவ்விடைகள் திறக்கப்படுமா என்று கேட்டோம். அவர் புன்னகையோடு அடுத்த கேள்விக்குப் போனார்.

இக்கேள்வி எமக்கு வெறும் ஆராய்ச்சியன்று என்பதற்கு எமது வகுப்பறையே காரணம். 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினர். எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர். மன்னார்த் தீவிலிருந்து பலர் தோணியேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். ஓலைக் கொட்டில்கள் எழுந்தன; நிவாரண அட்டை வந்தது. அட்டையில் குடும்பத் தலைவரும் அங்கத்தவர் தொகையும். அங்கே மீளச் செல்ல விரும்பியபோது, அவர்கள் அவ்வூரார் என்பதற்குச் சான்று கேட்கப்பட்டது. இங்கே தங்கியபோது, இவ்வூரார்தாமோ என்று கேட்கப்பட்டது. இரண்டு ஊரிலும் இடாப்பு ஒரு வழக்காயிற்று. இடம்பெயர்ந்தோரைச் சொந்த மாவட்டத்தில் வாக்காளராய்ப் பதிவதற்கென 2013 இல் ஒரு விசேட சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. வெள்ளத்திற் பெட்டியை விட்டுவிட்டு, பழைய காணித்துண்டையும் பிறப்புச் சான்றிதழையும் மட்டும் மடியிற் கட்டி வந்த முதியோர் சிலர் இருந்தனர். அவர்களது அறிவை நாம் வணங்குகின்றோம்.

கடந்த ஆண்டு பத்தாந் தரத்து மாணவரிடம், ஸ்கொட்லாந்துப் பக்கத்தின் படத்தைக் காட்டி, தத்தம் வீட்டை அவ்வாறே எழுதிவரச் சொன்னோம். நாற்பது பக்கக் கொப்பியில் கட்டங் கீறியாயிற்று. இனம் என்னும் கட்டம் வேண்டுமா என்பதில் நீண்ட வாதம் நடந்தது. வேண்டாமென்பதே பெரும்பான்மை, வேண்டுமென்ற இருவரின் காரணமும் தள்ளத்தக்கதன்று. ‘இல்லாவிட்டால் நாங்கள் விரட்டப்பட்டது எதற்கென்று எப்படித் தெரியும், சேர்?’ என்றனர். தந்தைவழிப் பூட்டனின் பெயரை எழுத முடிந்தோர் வகுப்பில் ஐவர். தாய்வழிப் பூட்டியின் பெயரை எழுதியவர் ஒருவருமிலர். ஒரு மாணவனின் தாளில் பிறந்த ஊர்க்கட்டம் இவ்வாறு இறங்கிற்று: பாட்டனார், எருக்கலம்பிட்டி, தந்தையார், எருக்கலம்பிட்டி, சிறிய தந்தையார், ‘முகாம்’, தான், கற்பிட்டி ஆஸ்பத்திரி. எந்த முகாம் என்று கேட்டோம். சிறிய தந்தையாருக்கே தெரியாதாம். கேட்டு வருவதாகச் சொன்னான்.

தொழிற்கட்டத்துக்கு வந்தபோது ஒரு மாணவி எழுந்தாள். அவளுடைய தாயார் அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து மீன் வெட்டி, உப்பிட்டு, வாடியில் கருவாடு பரப்பி, மாலையில் அள்ளி, இடையிற் சமைத்து, தண்ணீர் சுமந்து வருபவர். ‘வீட்டுவேலை என்று எழுதவா, கருவாட்டு வேலை என்று எழுதவா?’ என்று கேட்டாள். கட்டம் போதவில்லை. ஆகவே எல்லாருமாய் அடிமட்டத்தை எடுத்து, அருகிலிருந்த கட்டத்தின் கோட்டை அழித்து, தொழிற்கட்டத்தை இருமடங்கு அகலமாக்கிக் கீறினர்.

கொப்பிகள் இப்பொழுது தகரப் பெட்டியில் உள. உப்புக்காற்று இரும்பைத் தின்னும் ஊராதலின், பெட்டியை ஆண்டுக்கொருமுறை மாற்ற வேண்டியிருக்கின்றது. அடுத்த வகுப்பினர் முந்தற் பக்கத்து வீடுகளை எழுதத் தொடங்கியுள்ளனர்.